காணிப்பாக்கம் வரை போன நீலத்திரை

கம்ப்யூட்டர் முதல்முறை நின்றபோதே எனக்கு அத்தை மேல்தான் சந்தேகம் வந்தது. அத்தை என்றால் என் மாமியார். அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இயந்திரம், ஒரு ட்ரங்குப்பெட்டியும் ஒரு மூட்டை வேர்க்கடலையும் வாசலில் வந்து இறங்கிய அதே வாரத்தில் படுத்துக்கொண்டால் என்னவென்று நினைப்பது? என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பீர்கள்.

சித்தூரில் எங்களுக்கு ஒரு ஹாலும் ஒரு ரூமும் கொண்ட வாடகை வீடு. ரூமில் நான் வேலை செய்வேன். பெங்களூரில் இருக்கும் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் வழியாக வருகிற அழைப்புகளுக்குப் பதில் சொல்கிற வேலை. ஆஸ்பத்திரி பில் ஏன் பாஸாகவில்லை, கண் ஆபரேஷனுக்கு எவ்வளவு வரும், அப்பா இறந்துவிட்டார் இனி யார் கையெழுத்துப் போடுவது, இப்படி. தமிழில் கேட்டால் தமிழ், தெலுங்கில் கேட்டால் தெலுங்கு. திருப்பதியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இரண்டும் தானாக வரும். வெளிச்சத்தம் கேட்கக் கூடாது என்பது கம்பெனி சட்டம், அதனால் கதவைச் சாத்திக்கொள்வேன்.

இந்த வேலைக்கு முன்னால் திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் நின்றவள் நான். மலையிலிருந்து மொட்டையடித்துக்கொண்டு இறங்கி வருகிறவர்கள், ரூம் இல்லை என்றால் என்னமோ நான்தான் அதை மடியில் கட்டி வைத்திருப்பதுபோல் கத்துவார்கள். ஆடுசதை வீங்க வீங்க நின்றிருக்கிறேன். அதற்கு இது சொர்க்கம். நாற்காலி என்னுடையது, மின்விசிறி என்னுடையது, கதவின் தாழ்ப்பாள் என்னுடையது. கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று இருந்தது அந்த ஒரு ரூமும் அந்த வேலையும்தான். அதை யாராவது தொட்டால் எனக்குக் கோபம் வராதா?

என் வீட்டுக்காரர் ஊருக்கு வெளியே ஒரு மாம்பழக் கூழ் யூனிட்டில் சூப்பர்வைசர். சீசனில் குளிக்கவும் தூங்கவும் மட்டும்தான் வீட்டுக்கு வருவார். சட்டையைத் துவைத்தாலும் மாம்பழ வாசம் போகாது. சீசன் முடிந்தால் யூனிட்டில் அரைகுறை வேலைதான், அவரும் பாதி நாள் வீட்டில்தான் இருப்பார். அந்த வருடம் சீசன் முடிந்த கையோடு அத்தை வந்தார். குப்பத்துக்குப் பக்கத்தில் பெரிய மகன் வீட்டில் இருந்தவர், அங்கே ஏதோ மனஸ்தாபம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் வந்த மறுநாள் நான் அக்கா பெண்ணின் காதுகுத்துக்குத் திருப்பதி போய்விட்டுச் சாயங்காலம்தான் திரும்பினேன். யூனிட்டில் லோடு ஏற்றுகிற வேலை இருக்கிறது என்று வீட்டுக்காரர் காதுகுத்துக்கு வரவில்லை.

அதற்கு அடுத்த நாள்தான் அது நடந்தது. நெல்லூரிலிருந்து ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். மனைவியின் ஆஸ்பத்திரி பில் இரண்டாவது முறையும் திரும்பி வந்துவிட்டது. பாதிப் பேச்சில் அவர் அழ ஆரம்பித்தார். "ஏட்வகண்டி சார், நேனு சூஸ்தானு", அழாதீங்க சார், நான் பார்க்கிறேன் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, திரை முழுக்க நீலமாகிவிட்டது. ஓரத்தில் உதட்டைப் பிதுக்கிய ஒரு மூஞ்சி. கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு, மறுபடி தொடங்கப் போகிறது என்று இங்கிலீஷில் ஒரு வரி. அது அணைந்து, எழுந்து, என்னை உள்ளே விடுவதற்குள் நெல்லூர்க்காரர் வேறு யாரிடமோ போய், அழுகிறவன் முகத்தில் போனை வைத்துவிட்டாள் என்று புகார் சொல்லியிருந்தார்.

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். அத்தை ஹாலில் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏதாச்சும் சுவிட்சு கிவிட்சு தொட்டீங்களா அத்த?"

"நான் இன்னாத்துக்குமா தொடறேன்? எனுக்கு டிவி ரிமோட்டே புடிபடல."

அன்றைக்கு விட்டுவிட்டேன். ஆனால் மறுநாள் மறுபடி. அதற்கடுத்த நாள் ஒன்றும் இல்லை, அப்பாடா என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை அத்தை வீடெல்லாம் சாம்பிராணி போட்டார், அரைமணி நேரத்தில் நீலம். இனி என்ன வேண்டும் எனக்கு? சாம்பிராணிப் புகை மின்விசிறி வழியாக உள்ளே போய்விட்டது என்று கத்தினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அத்தை சாம்பிராணி போடவில்லை. அன்றைக்கும் நின்றது. இது புகை இல்லை, இந்த அம்மாள் வேறு ஏதோ செய்கிறார் என்று என் மனசு அங்கே போனதே தவிர, இவர் இல்லையோ என்று ஒரு நிமிஷம்கூடப் போகவில்லை.

போகாததற்கும் காரணம் உண்டு. ஒருநாள் மத்தியானம் தண்ணீர் குடிக்க வந்தவள் காதில் விழுந்தது. மகனுக்குச் சோறு போட்டுக்கொண்டே அத்தை சொல்கிறார்: "பொம்பள கதவச் சாத்திக்கினு ரூமுக்குள்ள பேசிக்கினே கீதே, அக்கம்பக்கம் இன்னா நெனைக்கும்? நீ இன்னாடா கேக்கவே மாட்டியா?" அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பாவம், அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார் என்று எனக்கு அவர் மேல் இரக்கம் வேறு வந்தது.

பெங்களூரில் என் டீம் லீடர் என்னைவிடச் சின்னப் பெண். நல்லவள்தான், ஆனால் அவளுக்கும் மேலே ஆள் இருக்கிறார்களே. ஒருநாள் கூப்பிட்டு, "இன்னொரு தடவை கால் நடுவுல கட் ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது மேடம். இங்க ஆபீஸுக்கு வந்து உக்காந்து வேலை பாருங்க, இல்லன்னா பேப்பர் போடுங்க" என்றாள். வீட்டையும் புருஷனையும் விட்டுவிட்டு பெங்களூரில் போய் ஹாஸ்டலில் இருப்பதா? இல்லை, ராஜினாமா கொடுத்துவிட்டு மறுபடி லாட்ஜில் போய் நிற்பதா? எப்படியாவது சரி பண்ணிவிடுகிறேன், கொஞ்சம் டைம் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

அன்றைக்கு சாயங்காலமே கம்ப்யூட்டர் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்காரர் மூடியைக் கழற்றி, தூசியை ஊதி, மெமரியை உருவி, பென்சில் ரப்பரால் அதன் பித்தளைப் பல்லை எல்லாம் தேய்த்தார். அவர் உருவுவதற்கு முன்னாலேயே நான் அதை என் போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். நல்லதை எடுத்துக்கொண்டு ஓட்டையைச் சொருகிவிட்டால்?

"இன்னா மேடம், நம்பிக்கை இல்லியா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல" என்றேன்.

என் வீட்டுக்காரர்தான் வெட்கப்பட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ரப்பர் போட்டுத் தேய்த்தும் இரண்டு நாள்தான் தாங்கியது. மறுபடி போனால், பவர் சப்ளையை மாற்றிப் பார்க்கலாம் என்றார். மாற்றினோம். மறுபடி நீலம். கடைசியில் "எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா ஏத்திடலாம், ஃபார்மட் போட்டா நூத்துக்கு நூறு சரியாப்பூடும்" என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. என் வீட்டுக்காரர்தான் குறுக்கே விழுந்தார். "வேணாம் வேணாம், ஆபீஸு சாப்ட்வேர் எல்லாம் பூடும். மறுபடி அவங்க ஏத்திக் குடுக்க ஒரு வாரம் ஆவும். அதுக்குள்ள இவ வேலை பூடும்" என்றார். என் வேலை மேல் இந்த மனுஷனுக்கு எவ்வளவு அக்கறை என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வீட்டில் நான் என் பாணியில் துப்புத் துலக்க ஆரம்பித்தேன். காலையில் குளிக்கப் போகும் முன் ஒரு ஸ்டிக்கர் பொட்டை பெட்டியின் மூடி இடுக்கில் குறுக்காக ஒட்டுவேன். இன்னொன்றைச் சுவரில் பிளக்கும் சுவிட்சு போர்டும் சேரும் இடத்தில் ஒட்டுவேன். யாராவது பிடுங்கினால் பொட்டு பிய்ந்துவிடும். ஒருநாள் வந்து பார்த்தால் பிளக்கில் ஒட்டிய சிவப்புப் பொட்டைக் காணோம். வீடு முழுக்கத் தேடினேன். அத்தை காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் குதிகாலில் இருந்தது என் பொட்டு.

"இது எப்பிடி வந்துச்சு?"

அத்தை காலைத் திருப்பிப் பார்த்தார். "அட, ஆமா. பெருக்கறப்ப ஒட்டிக்கினு கீதுபோல. இன்னாமா, ஒரு பொட்டுக்குப் போயி போலீசு மாரி கேக்கற?"

பதிலும் சரளமாகத்தான் வந்தது. குற்றவாளிகள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பொட்டை ஒரு காகிதத்தில் ஒட்டிப் பத்திரப்படுத்தினேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அப்போது நான் அதை சாட்சியம் என்றே நம்பினேன்.

கடைசியில் டீம் லீடரே இரக்கப்பட்டு, ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரிடம் சொன்னாள். அவர் பெங்களூரில் உட்கார்ந்தபடியே என் கம்ப்யூட்டருக்குள் வந்து பார்த்தார். என் திரையில் அம்புக்குறி தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் எதனால் நின்றேன் என்று கம்ப்யூட்டர் தனக்குத்தானே குறித்து வைத்துக்கொள்ளுமாம், அதைத் திறந்து படித்தார். பிறகு ஹெட்செட்டில் மெதுவாகப் பேசினார்.

"மேடம், மெமரி பிரச்சினையும் இல்ல, பவர் பிரச்சினையும் இல்ல. வெளியில இருந்து ஒரு புரோகிராம் ஏத்தியிருக்காங்க. அது உங்க கம்ப்யூட்டரோட ஒத்துப்போகல. அதுதான் ஒவ்வொரு தடவையும் விழ வைக்குது. நீங்க போட்டீங்களா?"

"இல்ல சார், சத்தியமா இல்ல."

"அப்ப யாரோ உங்க சீட்ல உக்காந்து போட்டிருக்காங்க. கண்ணுக்குத் தெரியாத மாதிரி மறைச்சு வேற போட்டிருக்காங்க. நான் அழிச்சாலும் திரும்பி வருது, அதுக்குப் பாஸ்வேர்டு இருக்கு." என்றைக்கு ஏற்றியது என்று அவர் சொன்ன தேதி, நான் காதுகுத்துக்குப் போயிருந்த நாள். "இதை நான் மேல ரிப்போர்ட் பண்ணா உடனே உங்க லாகினைக் கட் பண்ணிடுவாங்க. திங்கக்கிழமை பார்க்கறேன். அதுக்குள்ள போட்டவங்களைக் கண்டுபிடிச்சு எடுக்கச் சொல்லுங்க."

அன்றைக்கு வீட்டில் இருந்தது யார்? அத்தை. அவருக்கு ரிமோட்டே புடிபடாது, சரி. ஆனால் அவர் யாரை உள்ளே விட்டார்? கேஸ் சிலிண்டர் போடுகிறவரை நடு ஹாலில் உட்கார வைத்து மோர் கொடுத்து ஊர்க்கதை பேசுகிறவர் ஆயிற்றே. இன்டர்நெட் ஒயர்க்காரன் வந்திருப்பான், உள்ளே போ நைனா என்று ரூமைத் திறந்து விட்டிருப்பார், அவன் உட்கார்ந்து எதையோ ஏற்றிவிட்டுப் போயிருப்பான். என் கண்ணெதிரே நடந்தது போல எல்லாம் தெரிந்தது.

நேரே அடுப்படிக்குப் போனேன். வீட்டுக்காரர் ஹாலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் திருப்பதி போன அன்னிக்கி யாரு அத்த வந்தாங்க?"

"யாரும் வரலமா."

"ஒயர்க்காரன் வந்தானா இல்லியா?"

"வரலன்னு சொல்றேன்ல? எத்தினி தபா கேப்ப?"

"காணிப்பாக்கத்துல சத்தியம் பண்ணுவீங்களா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் ஆயிரம் சொல்வார்கள், இதை மட்டும் லேசில் சொல்ல மாட்டார்கள். காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் பொய் சத்தியம் செய்தவன் உருப்பட்டதில்லை என்பது சித்தூரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பங்காளிச் சண்டை, நகை திருட்டு, எலெக்ஷன் நேரத்தில் கட்சிக்காரர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் சொல்கிற ஊழல், எல்லாம் கடைசியில் "காணிப்பாக்கத்துக்கு வா" என்பதில்தான் வந்து நிற்கும். குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு சாமி முன்னால் போய் நின்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு மாமியாரை அங்கே கூப்பிட்டவள் அந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "வா. ஞாயித்துக்கெழமையே போலாம்" என்றார்.

வீட்டுக்காரர்தான் குதித்தார். "இன்னா வெளையாடறீங்களா ரெண்டு பேரும்? ஒரு மிஷினுக்குப் போயி சாமி முன்னால நிக்கறதா? ஊரு சிரிக்கும். எம்மா, நீயாச்சும் சும்மா இரு." இரண்டு நாளும் இதே பாட்டுதான். போனில் பாட்டரி போய்விட்டது, ஸ்கூட்டர் பங்க்சர், கோயிலில் கூட்டமாக இருக்கும், என்னென்னமோ சொன்னார். அம்மாவைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று என் சந்தேகம் இன்னும் கெட்டியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை எதுவும் சாப்பிடவில்லை, மாற்றுப் புடவையை ஒரு பையில் வைத்துக்கொண்டு வாசலில் தயாராக நின்றார். நாங்கள் இருவரும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் இடம் இருந்தும் உட்காராமல் படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். காணிப்பாக்கத்தில் புது கார்களுக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தை எல்லாம் தாண்டி அத்தை விறுவிறுவென்று குளத்துக்கு நடந்தார். எனக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது.

குளத்தில் இரண்டு படி இறங்கி, தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் அத்தை திரும்பினார்.

"இன்னான்னு சொல்லணும், சொல்லு. நீ சொல்றத அப்பிடியே சொல்றேன்."

"நான் கம்ப்யூட்டரத் தொடல. அன்னிக்கி அந்த ரூமுக்குள்ள யாரும் வரல. அவ்ளோதான்."

அத்தை அதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "அப்பிடிச் சொல்ல முடியாதும்மா. சாமி முன்னால நிக்கறேன், ஒரு சொல்லு பெசகக் கூடாது. என் புள்ளையத் தவிர யாரும் வரலன்னு சொல்றேன்."

"இன்னா சொன்னீங்க?"

"அவன் மத்தியானம் வந்தான்ல? எவனோ கூட்டாளி போன்ல சொல்லச் சொல்ல அந்த மிஷினாண்ட உக்காந்து தட்டிக்கினு இருந்தான். நான்கூட மோரு கலக்கிக் குடுத்தேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தை குழம்பினார். "நீ யாருனா வந்தாங்களான்னு கேட்ட. வூட்டுக்காரன் வூட்டுக்கு வர்றத யாருனா வந்தாங்கன்னு சொல்லுவாங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மேல்படியில் நின்று, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். யூனிட்டில் லோடு ஏற்றுகிற வேலை என்றாரே. அத்தை வந்த வாரத்தில் தொடங்கியது, அத்தை வந்த வாரத்தில் தொடங்கியது என்று நான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேனே, அதே வாரத்தில்தானே சீசன் முடிந்து இவரும் வீட்டில் உட்கார ஆரம்பித்தார்? மூடியில் பொட்டு ஒட்டத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை பாருங்கள்.

"இன்னா போட்டீங்க?" என்றேன்.

சுற்றிலும் ஜனம். அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ பேசறது என் போனுக்கு வரும்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், எங்கள் வீட்டு ஹாலிலேயே, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, பாட்டு கேட்கிறார் என்று நினைத்தேனே. நெல்லூர்க்காரர் அழுதது இவர் காதில் விழுந்திருக்கிறது. புருஷன் செத்த பிறகு எந்த ஆஸ்பத்திரிக்கு எந்தப் பேப்பர் என்று கேட்ட ஒரு பொம்பளையின் மூச்சு இவர் காதில் விழுந்திருக்கிறது.

"ஏன்?"

"நீ உள்ள சிரிக்கற." இப்போதுதான் அவர் நிமிர்ந்தார். "கதவுக்கு வெளிய கேக்குது. எவன்கிட்டயோ அப்பிடிச் சிரிக்கற. கதவத் தொறந்துக்கினு வெளிய வந்தா மூஞ்சி கல்லு மாரி ஆயிடுது. என்கிட்ட அப்பிடி ஒருநாளாச்சும் சிரிச்சிருக்கியா நீ?"

குரலில் சிரிப்பு தெரிய வேண்டும் என்பது எங்களுக்குப் பயிற்சியில் முதல் நாள் சொல்லித் தருவது. யார் எவ்வளவு திட்டினாலும் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும், அதற்குத்தான் மார்க்கு. நாள் முழுக்கச் சிரித்துவிட்டுக் கதவைத் திறக்கும்போது என் தாடை வலிக்கும். இதை அந்த மனுஷனிடம் நான் சொல்லியிருக்கலாம், அவரும் கேட்டிருக்கலாம். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாதவருக்கு, எவனோ கூட்டாளியிடம் கேட்டு ஒளிந்துகொள்கிற புரோகிராம் போட மட்டும் முடிந்தது. அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது.

"அதனாலதான் நிக்குதுன்னு எனுக்குத் தெரியாது. சாமி சத்தியமா தெரியாது" என்றார். பிறகு அவசரமாக, "எல்லாம் கேட்டுட்டேன். தப்பா ஒண்ணும் இல்ல. இப்ப எனுக்கு உன்மேல ஒரு சந்தேகமும் இல்ல. வூட்டுக்குப் போனதும் எடுத்துடறேன்" என்றார்.

"சந்தேகம் இல்லியா?"

"இல்ல."

"அப்ப எறங்குங்க. முங்கிட்டு வந்து உள்ள அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம். நீங்க ஒட்டுக் கேட்டத நான் மறந்துடறேன்."

அத்தை தண்ணீரில் நின்றபடியே கையை நீட்டினார். "எறங்குடா. சொல்லிட்டு வந்துடு, இத்தோட முடிஞ்சிபூடும்."

வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். செருப்பை விட்டார். பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினார், இன்னொரு படி இறங்கினார். ஈரப்படிக்கு முந்தின படியில் நின்றார். தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இறங்கிவிடு, இறங்கிவிடு என்று நான் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் ஒரு சாமியிடமும் நான் அப்படிக் கெஞ்சியதில்லை.

"எனுக்கு சளி புடிச்சிக்கினு கீது" என்றார் அவர்.

அத்தை தன் மகனை நெடுநேரம் பார்த்தார். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார், எழுந்தார், புடவை சொட்டச் சொட்டக் கோயிலுக்குள் போனார். நானும் பின்னால் போனேன். அந்தத் தள்ளுமுள்ளிலும் அவர் நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னார். "என் புள்ளையத் தவிர" என்கிற இடத்தில் மட்டும் குரல் உடைந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை என் பக்கம் சாய்ந்து, "நீ என்மேல சந்தேகப்பட்டியே, அதுக்கு எனுக்கு ஒண்ணும் வருத்தமில்ல. மாமியான்னா மருமவ நெனைக்கறதுதான். ஆனா நான் வாயால ஒண்ணு சொன்னேன் பாரு, கதவச் சாத்திக்கினு பேசறன்னு. அத அவன் காதுல போட்டிருக்கக் கூடாது" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் என் நாற்காலியில் உட்கார்ந்து, ஏதோ நாலைந்து பொத்தானைச் சேர்த்து அழுத்தினார். திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது. பாஸ்வேர்டு அடித்து, அதை எடுத்துவிட்டார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். திங்கட்கிழமை பெங்களூர்க்காரர் உள்ளே வந்து தேடிப்பார்த்துவிட்டு, சுத்தமாகப் போய்விட்டது மேடம், யார் போட்டது என்று கேட்டார். கடைக்காரர் தெரியாமல் போட்டுவிட்டாராம் என்றேன். பாவம், ரப்பர் போட்டுத் தேய்த்த மனுஷன் தலையில் அதையும் கட்டினேன்.

அந்த வாரம் முழுக்க நீலத்திரை வரவில்லை. வெள்ளிக்கிழமை அத்தை சாம்பிராணி போட்டார், அன்றைக்கும் வரவில்லை. சனிக்கிழமை நான் கதவைச் சாத்திக்கொண்டு டீம் லீடரைக் கூப்பிட்டேன்.

"மேடம், நான் ஆபீஸுக்கே வந்துடறேன்."

அவளுக்கு ஆச்சரியம். "ஏன் மேடம், மறுபடி நிக்குதா?"

"இல்ல, நல்லா ஓடுது."

"அப்புறம் என்ன? வீட்டுல இருந்தே பார்க்கறேன்னு நீங்கதானே அவ்ளோ கெஞ்சினீங்க?"

ஹாலில் என் வீட்டுக்காரர் இருமினார். நான் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து விலக்கினேன். மறுபடி இருமினார். அது நிஜமான சளியா, இல்லை நான் கேட்பதற்காக இருமுகிறாரா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா மேடம்?"

"இருக்கேன்" என்றேன். "எப்ப வரணும்னு மட்டும் சொல்லுங்க."